ஆஸ்போர்ன் இல்லம்: அரசியாரின் வீட்டில் பணியாளர்களைத் தேடிய ஒரு பகல்

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் இருக்கும் வைட் தீவில், ஈஸ்ட் கவ்ஸ் ஊரை ஒட்டி, விக்டோரியா அரசியாரும் அவர் கணவர் ஆல்பர்ட் இளவரசரும் 1845-இல் வாங்கிய நிலத்தில் எழுப்பிய ஆஸ்போர்ன் இல்லத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் சென்றேன். தீவு முழுவதையும் ஒரே பகலில் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அவர்கள் இந்த வீட்டுக்கு ஒதுக்கியது ஒன்றேகால் மணி நேரம். அதில் பாதி வரிசையில் நிற்பதிலேயே போயிற்று. இரண்டாம் முறை நானாகவே சவுதாம்ப்டனில் காலைக் கப்பலேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணத்துக்குப் பின் இறங்கி, மாலை வரை அங்கேயே இருந்தேன். இந்த மதிப்புரை அந்த இரண்டாம் பயணத்தைப் பற்றியது.

நான் முதியவர்களை அவர்களுடைய வீட்டுக்கே சென்று பராமரிக்கும் வேலை பார்ப்பவள். ஒருவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, உள்ளே கண்டதையும் கேட்டதையும் அந்தக் கதவுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். அதனால் எந்த அரண்மனைக்குப் போனாலும், நாற்காலியில் அமர்ந்தவரைவிட அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் யார் என்பதையே என் கண் தேடுகிறது. ஆஸ்போர்ன் அந்தத் தேடலுக்கு நிறையவே கொடுக்கிறது.

வீட்டின் அமைப்பையே முதலில் கவனிக்கச் சொல்வேன். அரச குடும்பம் தங்குவதற்கான பகுதி 1846-இல் முடிந்தது. உடனிருக்கும் அதிகாரிகளும் தோழியரும் தங்குவதற்கான தனிப் பகுதி 1851-இல் முடிந்தது. இரண்டையும் சிலைகள் நிறைந்த நீண்ட தாழ்வாரம் இணைக்கிறது. லண்டன் அரண்மனையில் கிடைக்காத தனிமையை இங்கே பெற வேண்டும் என்பதற்காகவே ஆல்பர்ட்டும் கட்டடக்காரர் தாமஸ் கியூபிட்டும் இப்படிப் பிரித்துக் கட்டினார்கள். கூப்பிட்டால் வர வேண்டியவர்கள் கூப்பிடும் தொலைவில் இருக்க வேண்டும், ஆனால் கண்ணில் படக் கூடாது. வரவேற்பறையும் பில்லியர்ட்ஸ் அறையும் ஒரு மூலை திரும்பி ஒன்றோடொன்று சேர்வதற்கும் இதே காரணம் உண்டு. அரசியார் முன்னிலையில் எவரும் உட்காரக் கூடாது என்பது அன்றைய முறை. மூலைக்கு அப்பால் இருந்துவிட்டால் அவர் பார்வையில் படமாட்டார்கள் என்பதால், பணியிலிருந்த ஆடவர்கள் அங்கே உட்காரலாம். அந்த மூலையில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். நாள் முழுவதும் நின்ற கால்களுக்கு அந்த ஒரு திருப்பம் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்தபோது, அங்கிருந்த விலையுயர்ந்த பொருள் எதுவும் தராத நெகிழ்ச்சி எனக்கு ஏற்பட்டது.

அரச குடும்பத்துக்கு மேசை விரித்துப் பாத்திரங்களை அடுக்கும் ஊழியர்களுக்கென்று தனி அறைகள் உள்ளன. பீங்கான் தட்டுகளும் கண்ணாடிக் குவளைகளும் இருக்கும் அந்த அறைகளைப் பலர் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து கடந்துவிடாதீர்கள். ஒரு குடும்பம் என்ன சாப்பிடுகிறது, எவர் எவரோடு பேசவில்லை, எவர் பாதியில் எழுந்து போனார் என்பதெல்லாம் முதலில் தெரிவது பரிமாறுபவர்களுக்குத்தான்.

மாடியில் அரசியாரின் அமர்வறையில் இருவருடைய எழுது மேசைகளும் அருகருகே கிடக்கின்றன. வேலையாட்களை அழைக்கும் மணிப் பொத்தான்களும் அங்கே உண்டு. இந்தத் தம்பதியர் தங்கள் பிள்ளைகளையும் நாய்களையும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு மகிழ்ந்தவர்கள். அரச கோட்டை இருக்கும் விண்ட்சர் நகரில் அச்சிடக் கொடுத்தபோது அங்கு வேலை பார்த்த ஒருவர் ரகசியமாகக் கூடுதல் பிரதிகள் எடுத்துவிட்டார், அவை கை மாறி ஒரு பொதுக் கண்காட்சி வரை போகவிருந்தன. ஆல்பர்ட் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றார். 1849-இல் வந்த அந்தத் தீர்ப்பே, நம்பிக்கையின் பேரில் கிடைத்ததை வெளியிடக் கூடாது என்ற ஆங்கிலச் சட்டக் கோட்பாட்டின் வேர்களில் ஒன்றாக இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது. அந்தரங்கம் ஒரு மனிதருக்கு உரிய சொத்து என்பதை நீதிமன்றம் ஏற்கச் செய்த குடும்பம் இது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற அறைகளைப் பார்த்தால், அந்தச் சொத்தில் பணியாளருக்குப் பங்கு கிடைத்ததா என்ற கேள்வி கூடவே வருகிறது.

ஆல்பர்ட் 1861-இல் இறந்த பின், துயரத்தில் ஒடுங்கிப் போன அரசியாரின் குதிரையை நடத்த ஸ்காட்லாந்திலிருந்து ஜான் பிரவுன் என்ற ஊழியர் இங்கே வரவழைக்கப்பட்டார். ஆஸ்போர்னில் அரசியார் கறுப்புக் குதிரையில் அமர்ந்து கடிதம் படிக்க, கீழே காகிதங்கள் சிதறிக் கிடக்க, பிரவுன் கடிவாளத்தைப் பிடித்து நிற்கும் ஓவியத்தை லேண்ட்சியர் வரைந்தார். 1867-இல் அது மக்கள் பார்வைக்கு வந்தபோது ஊரெல்லாம் கிசுகிசு எழுந்தது. 1872 பிப்ரவரியில் துப்பாக்கியோடு அரசியாரை நெருங்கிய இளைஞனைப் பாய்ந்து பிடித்தவரும் பிரவுன்தான். 1883-இல் அவர் இறந்ததும் அவரைப் பற்றி ஒரு நினைவுநூல் எழுத அரசியார் விரும்பினார். விண்ட்சர் மதகுருவான ராண்டால் டேவிட்சனும், அரசியாரின் செயலர் ஹென்றி பொன்சன்பியும் வற்புறுத்தித் தடுத்தார்கள். பணியாளர் எஜமானரைப் பற்றி எழுதாமல் இருப்பது விசுவாசம் என்று நமக்குத் தெரியும். எஜமானரே பணியாளரைப் பற்றி அன்போடு எழுத முயன்றபோதும் அது அரச குடும்பத்தின் மானத்துக்குக் கேடு என்று கருதப்பட்டது.

என்னை மிக அதிக நேரம் நிறுத்திவைத்த இடம் தர்பார் அறைக்குச் செல்லும் தாழ்வாரம். ருடால்ஃப் ஸ்வபோடா என்ற ஆஸ்திரிய ஓவியர், அரசியார் கேட்டுக்கொண்டபடி இந்தியா சென்று வரைந்து அனுப்பிய முகங்கள் சுவரெங்கும் இருக்கின்றன. நெசவாளர், குயவர், சிப்பாய், சிறுவர் எனச் சாதாரண மக்களின் முகங்கள். பல ஓவியங்கள் ஒரு நோட்டுப் புத்தக அளவே இருக்கும். அவற்றோடு பெரிய அளவில் இருப்பது, அரசியாரின் இந்தியப் பணியாளர் அப்துல் கரீமை அவர் 1888-இல் வரைந்த ஓவியம்.

கரீம் ஆக்ராச் சிறையில் எழுத்தராக இருந்தவர். 1887 ஜூன் மாதம், அரசியாரின் ஆட்சிப் பொன்விழா ஆண்டில், தம் 24-ஆம் வயதில், முகமது பக்ஷ் என்பவரோடு சேர்ந்து உணவு மேசையில் பணிசெய்ய அழைத்துவரப்பட்டார். சில வாரங்களிலேயே அரசியாருக்கு இந்துஸ்தானி மொழி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டே முன்ஷி, அதாவது ஆசிரியர் என்ற பதவி கிடைத்தது. அவர் தட்டு ஏந்தி நின்ற பழைய புகைப்படங்களை அழித்துவிடும்படி அரசியார் உத்தரவிட்டார். அவரை மதித்துத்தான் அப்படிச் செய்தார் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு மனிதர் செய்த நேர்மையான வேலையின் அடையாளத்தை அழிப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அரசியார் இந்துஸ்தானியில் எழுதிப் பழகிய நாட்குறிப்புகள் 13 தொகுதிகளாக விண்ட்சர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கரீமுக்கு எழுதிய கடிதங்களில் ‘உங்கள் அன்புத் தாய்’ என்றும் அவர் கையெழுத்திட்டார்.

இதே காலத்தில் மற்ற அரண்மனை அதிகாரிகள் கரீமின் வாழ்க்கையைத் துருவத் தொடங்கினார்கள். அவர் தந்தை உண்மையில் எந்த நிலை மருத்துவர் என்று ஆக்ராவில் போய் விசாரித்தார்கள். இந்திய அரசுக் காகிதங்களைப் பிறருக்குக் காட்டுகிறாரோ என்று அவர்மீது கண்காணிப்பு வைக்கச் சொன்னார்கள். காட்டிக்கொடுத்தார் என்று நிறுவ அவர்களால் முடியவில்லை. அரச மருத்துவர் ஜேம்ஸ் ரீட், கரீமுக்கு வந்த நோயின் விவரத்தைக்கூட அரசியாரிடம் கொண்டுபோய்ச் சொன்னார். நோயாளியின் உடல்நிலையை அவருடைய சொந்த மகளிடம் சொல்வதற்கே அனுமதி கேட்டுப் பழகியவள் நான், அந்தச் செய்தியை அறிந்தபோது எனக்கு மனம் கொதித்தது. 1897-இல் பிரான்சுக்குப் போன பயணத்தில் கரீமோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டியிருந்தால் ஒட்டுமொத்தமாக விலகிவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லி அனுப்ப, அரசியார் ஆத்திரத்தில் தம் எழுதுமேசை மேலிருந்த அனைத்தையும் ஒரே வீச்சில் கீழே தள்ளினார். அவரும் சென்றார், கரீமும் சென்றார்.

தாழ்வாரத்தைக் கடந்தால் தர்பார் அறை. எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தந்தை லாக்வுட் கிப்ளிங்கின் மேற்பார்வையில் பஞ்சாப் சிற்பக் கலைஞர் பாய் ராம் சிங் 1890-91-இல் செய்த சுதை வேலைப்பாடு கூரை முதல் சுவர் வரை பரந்திருக்கிறது. கணப்பின் மேல் விரிந்திருக்கும் மயிலைப் பார்க்கவே தனியாகச் சிறிது நேரம் வேண்டும். இந்தியாவுக்கு ஒருநாளும் வராத ஒருவர் தம் வீட்டுக்குள் அமைத்துக்கொண்ட இந்தியா இது. அழகில் குறை சொல்ல எதுவும் இல்லை, அதற்கு மேல் இந்த அறை என்னைத் தொடவும் இல்லை. நான் மீண்டும் தாழ்வாரத்துக்கே திரும்பினேன்.

கடைசியாக அரசியாரின் படுக்கையறை. 1901 ஜனவரி 22 மாலையில் அவர் உயிர் பிரிந்தது இங்கேதான். மகன் ஏழாம் எட்வர்ட் மறு ஆண்டே வீட்டை நாட்டுக்குக் கொடுத்துவிட்டாலும், இந்த அறைகளை இரும்புக் கதவிட்டுப் பூட்டிக் குடும்பத்துக்கென்று வைத்துக்கொண்டார். இரண்டாம் எலிசபெத் அரசியார் அனுமதித்த பிறகு 1954-இல்தான் பொதுமக்கள் உள்ளே வர முடிந்தது. தம் சவப்பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று 1897-இலேயே எழுதி, தமக்கு உடை அணிவிக்கும் பெண்களிடம் அரசியார் கொடுத்திருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் உடன் வருபவர் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது கட்டளை. பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாத அந்தக் காகிதத்தை மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்தவர்கள் அந்தப் பெண்கள். அதன்படியே ஜான் பிரவுனின் புகைப்படமும் முடிக்கற்றையும் அரசியாரின் இடக்கையில் வைக்கப்பட்டன. குடும்பத்தார் கண்ணில் படாதபடி ரீட் அதன் மேல் பூக்களைப் பரப்பினார். கரீமின் நோயைச் சொன்ன அதே ரீட்தான். எழுதிவைக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அந்தக் குறிப்புகள் 1987-இல் குடும்பத்தார் வழியாக நூலாக வந்ததால்தான் பூக்களுக்கு அடியில் இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது.

கரீமின் நினைவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பெட்டி மூடப்படுவதற்கு முன் அரசியாரைக் கடைசியாகப் பார்க்க அவரைத் தனியாக அனுமதித்தார்கள். இறுதி ஊர்வலத்தில் நடக்கவும் இடம் தந்தார்கள். பின் சில நாட்களில் விண்ட்சரில் அவர் தங்கியிருந்த ஃபிராக்மோர் வீட்டுக்குப் போய், அரசியார் அவருக்கு எழுதிய கடிதங்களைக் கேட்டு வாங்கி, அவர் கண்ணெதிரே எரித்தார்கள். அவர் ஆக்ரா திரும்பி, 1909-இல் 46 வயதில் இறந்தார். இறந்த பிறகும் மிச்சக் கடிதங்களைக் கேட்டு ஆட்கள் போனார்கள். அவற்றில் ஒன்றையும் அவர் பத்திரிகைக்கு விற்கவில்லை. தாயின் நாட்குறிப்புகளைப் படியெடுத்துக்கொண்டே மூலத்தை எரித்த இளவரசி பியாட்ரிஸ் 111 தொகுதிகளில் அந்த வேலையை முடித்தார். மகளுக்குத் தாயின் எழுத்தில் ஓர் உரிமை உண்டு என்று வாதிடலாம். ஒருவருக்கு வந்த கடிதத்தை அவர் கையிலிருந்தே பிடுங்கி எரிப்பதற்கு எந்த உரிமையையும் என்னால் காண முடியவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பு பராமரிக்கும் இந்த இடம், செலவழிக்கும் பணத்துக்கும் பயணக் களைப்புக்கும் தகுதியானது என்று தயங்காமல் சொல்வேன். வீட்டுக்கு மட்டும் மூன்று மணி நேரம் வையுங்கள். பிள்ளைகள் சமைக்கவும் தோட்டமிடவும் கற்ற சுவிஸ் குடில் தோட்டத்தின் மறுபுறம், நடக்கும் தொலைவில் இருக்கிறது. அதற்கப்பால் அரசியாரின் கடற்கரை. சிறுவர்களோடு போகிறவர்கள் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கலாம். குளிர்காலத்தில் திறக்கும் நாட்கள் குறைவு என்பதால், நாளைப் பார்த்து நுழைவுச்சீட்டை முன்னதாகவே எடுத்துவிடுவது நல்லது. திறந்ததும் நேராகத் தர்பார் தாழ்வாரத்துக்குப் போக முடிந்தால் போய்விடுங்கள், கூட்டம் சேர்வதற்குள் அந்தச் சிறிய ஓவியங்களை அருகில் நின்று பார்க்கலாம். நான் கப்பலுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை திரும்பிச் சென்று கரீமின் ஓவியத்துக்கு முன் நின்றேன். வெண்ணிறமும் பொன்னிறமும் கலந்த உடையில், கையில் ஒரு புத்தகத்தோடு அவர் இருக்கிறார்.