பரந்தன் தேநீர்க் கடையில் லிபர்டடோரெஸ் விலகல் சுற்றுகள்: ஒரு மதிப்பீடு

தென் அமெரிக்கக் கழகங்களுக்கான கோப்பா லிபர்டடோரெஸ் உதைபந்தாட்டத் தொடரின் விலகல் சுற்றுகளை, அதாவது தோற்ற அணி வெளியேறிவிடும் சுற்றுகளை, ஒழுங்காகப் பார்ப்பதற்கு வன்னியில் ஓர் இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு, பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் சிறிது தூரம் சென்றால் வரும் தகரக் கூரைத் தேநீர்க் கடையை நான் தயக்கமின்றிச் சொல்வேன். இந்தத் தொடரில் 16 அணிகள் சுற்று முதல் அரையிறுதி வரை ஒவ்வொரு மோதலும் இரண்டு ஆட்டங்களாக, இரு அணிகளின் மைதானங்களிலும் நடைபெறுகிறது; இரண்டின் கோல்களையும் கூட்டியே வெற்றி தீர்மானிக்கப்படுகிறது. முதல் ஆட்டத்தைத் தவறவிட்டவருக்கு, இரண்டாம் ஆட்டத்தில் ஓர் அணி ஏன் தொடக்கத்திலேயே பின்வரிசையைத் திறந்து விட்டு முன்னேறுகிறது என்பதும், மற்ற அணி ஏன் ஒரு பந்தெறிவுக்கு அத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதும் விளங்காது. கைத்தொலைபேசியில் கோல்களின் சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இத்தொடரைப் பற்றிப் பேசுபவர்கள் எம்மிடையே பெருகிவிட்ட காலத்தில், இரண்டு ஆட்டங்களையும் ஒரே அக்கறையோடு முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை காட்டுகின்ற ஒரு கடையைப் பாராட்டி எழுதுவது கடமை என்று கருதுகிறேன்.

ஆட்டங்கள் பெரும்பாலும் செவ்வாய், புதன், வியாழன் இரவுகளில் நடைபெறுகின்றன. புவனோஸ் அயர்ஸ், சாவோ பாவுலோ ஆகிய நகரங்களின் நேரத்தைவிட எமது நேரம் எட்டரை மணித்தியாலம் முந்தியது என்பதால், அங்கே இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே மறுநாள் அதிகாலை 3.30க்கும், இரவு 9.30க்குத் தொடங்கும் ஆட்டம் காலை 6 மணிக்கும் வருகிறது. ஐரோப்பியக் கழகங்களின் பெரிய ஆட்டங்கள் நள்ளிரவு கடந்து வந்து மறுநாள் வேலையைக் கெடுப்பதைப் போலன்றி, இந்த ஆறு மணி ஆட்டம் வன்னியின் விடியலோடு இயல்பாகப் பொருந்துகிறது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வருபவர்களும், யாழ்ப்பாணப் பக்கமோ வவுனியாப் பக்கமோ பேருந்துக்குக் காத்திருப்பவர்களும், இரவெல்லாம் லொறி ஓட்டிவிட்டு ஏ9 வீதியிலிருந்து இறங்கி வருபவர்களும் எப்படியும் அந்த நேரத்தில் ஒரு தேநீர்க் கடையில் இருப்பவர்களே. பாடசாலை 7.30க்குத் தொடங்குவதால் ஆசிரியர்களும் மாணவர்களும் இடைவேளையோடு எழுந்து போக வேண்டியிருப்பது மட்டுமே மனதை வருத்துகிறது.

இந்தத் தொடரின் விதி ஒன்றும் எமக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது. இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல்களும் சமமாக இருந்தால், இறுதிப் போட்டியைத் தவிர மற்றச் சுற்றுகளில் மேலதிக நேரம் வழங்கப்படுவதில்லை. நேரடியாகச் சமநிலை தவிர்ப்பு உதைகளுக்கு, அதாவது இரு அணிகளும் மாறி மாறி அடிக்கும் பெனல்டிகளுக்கு, செல்கிறார்கள். எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்கு அதிக மதிப்புக் கொடுக்கும் பழைய விதியும் 2022ஆம் ஆண்டுத் தொடரிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே ஆறு மணிக்குத் தொடங்கிய மோதல் எவ்வளவு இழுபட்டாலும் எட்டேகால் அளவில் முடிந்துவிடும், 8.30க்குக் கையெழுத்து வைக்க வேண்டிய அலுவலர் கடைசி உதையையும் பார்த்துவிட்டே கிளிநொச்சிக்குப் புறப்படலாம். 2025 செப்டெம்பரில் பிரேசிலின் பிளமெங்கோ, ஆர்ஜென்டீனாவின் எஸ்டுடியான்டெஸ் ஆகிய கழகங்களின் காலிறுதி அப்படித்தான் முடிந்தது. ரியோவில் 2-1 என வென்ற பிளமெங்கோ, லா பிளாட்டாவில் 0-1 எனத் தோற்றது. சமநிலை தவிர்ப்பு உதைகளில் கோல் காப்பாளர் ரொஸ்ஸி இரண்டைத் தடுக்க, பிளமெங்கோ 4-2 என முன்னேறியது.

அந்தக் காலையில்தான் இந்தக் கடையின் மிகச் சிறந்த ஒழுங்கு எனக்குப் புலப்பட்டது. இணையவழி ஒளிபரப்பு மைதானத்தில் நடப்பதைவிடச் சற்றுப் பிந்தியே திரைக்கு வருகிறது என்பதையும், கோல் விபரம் சொல்லும் கைத்தொலைபேசிச் செயலிகள் அதற்கு முன்னரே ஒலித்துவிடும் என்பதையும் பார்வையாளர்கள் அறிவார்கள். ஒருவர் தொலைபேசியைப் பார்த்து முகம் மாறினால், அந்த உதை வீணாகப் போகிறது என்பது கடை முழுவதற்கும் தெரிந்துவிடும். ஆகவே சமநிலை தவிர்ப்பு உதைகள் தொடங்கும் முன் கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து, "தம்பிமார், போனுகளை உள்ளுக்கை வையுங்கோ" என்று ஒரு தடவை சொல்வார். வயதில் மூத்தவர்களும் மறுப்பின்றி வைத்துவிடுவார்கள். பெரிய நகரங்களின் விலை உயர்ந்த திரைக்கூடங்களிலும் நான் காணாத நாகரிகம் இது.

இரண்டாவது சிறப்பு, திரைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் கரும்பலகை. முதல் ஆட்டம் முடிந்ததும் அதன் கோல் விபரம், இரண்டாம் ஆட்டம் நடக்கும் மைதானம், எமது நேரம், அடுத்த ஆட்டத்தில் தடைசெய்யப்பட்ட வீரர்கள் ஆகியவை சோக்கட்டியால் எழுதப்பட்டு, இரண்டாம் ஆட்டம் வரை அழியாமல் இருக்கும். முதல் ஆட்டத்தைப் பார்க்காத ஒருவர் இரண்டாம் ஆட்டத்தின் நடுவில் வந்து "போன கிழமை எத்தினைக்கு எத்தினை?" என்று கேட்டு மற்றவர்களின் கவனத்தைக் குலைக்கத் தேவையில்லை. 16 அணிகள் சுற்றுத் தொடங்கும்போது எட்டு மோதல்களும் வரிசையாக எழுதப்பட்டு, குழுநிலையில் முதலிடம் பெற்ற அணி இரண்டாம் ஆட்டத்தைச் சொந்த மண்ணில் ஆடும் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த உரிமையின் பெறுமதியை விளக்குவதற்குப் 2025ஆம் ஆண்டின் அரையிறுதி ஒன்றே போதும்.

ஈக்குவடோரின் எல்டியு கீட்டோ அணி அந்த ஆண்டு 16 அணிகள் சுற்றில் நடப்புச் சம்பியன் பொட்டபோகோவையும், காலிறுதியில் சாவோ பாவுலோவையும் வெளியேற்றிவிட்டு, மூன்றாவது பிரேசில் கழகமாகப் பல்மெய்ராஸைச் சந்தித்தது. 2008 இல் மரக்கானா மைதானத்தில் புளுமினென்சேயைச் சமநிலை தவிர்ப்பு உதைகளில் வென்று, ஈக்குவடோருக்கு இன்றுவரை கிடைத்திருக்கும் ஒரே லிபர்டடோரெஸ் கிண்ணத்தைப் பெற்றுத் தந்த கழகம் அது. கீட்டோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; எமது நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அங்கே ஓடி விளையாடுவது எத்தகையது என்பது விளங்கும். காற்று மெலிந்திருப்பதால் வெளியூர் வீரர்களுக்கு மூச்சு விரைவில் வாங்குகிறது. அடிக்கப்பட்ட பந்தும் அவர்கள் பழகியதைவிட வேகமாகச் செல்கிறது. முதற்பாதியிலேயே மூன்று கோல்கள் விழுந்தன. ஆட்டம் 3-0 என முடிந்தபோது, பல்மெய்ராஸின் கதை முடிந்தது என்றே கடையில் இருந்த பெரும்பாலானோர் பேசினார்கள்.

ஒரு கிழமைக்குப் பின் சாவோ பாவுலோவில் நடைபெற்ற இரண்டாம் ஆட்டத்துக்கு, கரும்பலகையில் எழுதப்பட்டிருந்த அந்த 3-0 தான் கூட்டத்தைச் சேர்த்தது. வழமையாகப் பேருந்து வந்ததும் எழுந்து போகிறவர்களும் அன்று அடுத்த பேருந்துக்கென்று இருந்துவிட்டார்கள். ரமோன் சோசா தலையால் முட்டிய முதல் கோலும், இடைவேளைக்குச் சற்று முன் புரூனோ புக்ஸ் அடித்த இரண்டாவது கோலும் மோதலை உயிர்ப்பித்தன. இரண்டாம் பாதியில் ரபாயெல் வெய்கா மொத்தக் கணக்கைச் சமன்செய்து, பின்னர் ஒரு பெனல்டியின் மூலம் நான்காவது கோலையும் அடித்தார். 4-0, மொத்தத்தில் 4-3. மலையில் மூன்று கோல்களால் தோற்ற அணி, தன் ஊரில், தன் மக்களின் முன் அதைத் திருப்பிக் கொடுத்தது. இதை இரண்டாம் ஆட்டத்தின் கோல்களாக மட்டும் பார்த்தவருக்கு அது ஒரு பெரிய வெற்றி, அவ்வளவே. முதல் ஆட்டத்தில் பல்மெய்ராஸின் பின்வரிசை மூச்சுத் திணறி நின்றதைப் பார்த்தவருக்கோ, அந்த வீரர்களே ஏழு நாட்களுக்குப் பின் ஒரு பந்தையும் விடாமல் துரத்திச் சென்ற காட்சி நெஞ்சை நிறைப்பதாக இருந்தது.

மற்ற அரையிறுதியில் பிளமெங்கோ, ஆர்ஜென்டீனாவின் ரேசிங் கழகத்தைச் சொந்த மண்ணில் 1-0 என வென்று, அவெல்லனேடாவில் ஒருவர் சிவப்பு அட்டையுடன் வெளியேறிய பின்பும் 0-0 எனத் தாக்குப்பிடித்தது. கோல்கள் குறைவு என்பதற்காக அதைச் சலிப்பான மோதல் என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். கடைக்காரர் ஒலியைத் தாழ்த்துவதில்லை என்பதால், ரேசிங் ஆதரவாளர்களின் பாட்டும் முரசும் தொண்ணூறு நிமிடமும் எமக்குக் கேட்டன. அந்தச் சத்தத்துக்குள் பத்துப் பேர் கோட்டையைக் காத்து நிற்பதும் உதைபந்தாட்டத்தின் உயர்ந்த கலைகளில் ஒன்றே.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடை கிழக்குப் பார்த்தது. ஆறே முக்காலுக்குப் பின் வெயில் நேராகத் திரையில் விழுவதால், இடதுபக்க ஓரத்தில் நடப்பது தெளிவாகத் தெரிவதில்லை. முன்புறத்தில் கட்டப்படும் படங்கு பாதி வெயிலையே மறைக்கிறது; இன்னொரு படங்கு வாங்குவது பெரிய செலவாகாது. ஒக்டோபரில் மழை தொடங்கியதும் தகரத்தின் மேல் விழும் சத்தத்தில் வர்ணனை முற்றாக அமிழ்ந்துவிடுகிறது. மின்சாரம் தடைப்பட்டால் மின்பிறப்பாக்கி தொலைக்காட்சியை உடனே உயிர்ப்பிக்கிறது. ஆனால் இணைய இணைப்புப் பெட்டி மீண்டும் தொடர்பைப் பெறுவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கின்றன, விலகல் சுற்றில் அந்தச் சில நிமிடங்களுக்குள் எல்லாம் நடந்து முடியலாம். அந்தப் பெட்டிக்கெனத் தனியாக ஒரு சிறிய மின்கலத்தை வைத்தால் இந்தக் குறை தீரும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எமது மாவட்டங்களில் உதைபந்தாட்டம் ஆடும் பெண் பிள்ளைகள் பலர் இருந்தும், அவர்கள் வந்து இருப்பதற்கு வசதியான ஓர் இடம் இங்கே இல்லை. பக்கவாட்டு விறாந்தையில் ஒரு வாங்கு போட்டு, திரையைச் சற்றுத் திருப்பி வைத்தால், தந்தையரோடும் அண்ணன்மாரோடும் அவர்கள் வந்து பார்ப்பார்கள்.

உணவைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ சாயம் கடுத்து நன்றாக இருக்கிறது. உளுந்து வடை ஆறரைக்குச் சூடாக வருகிறது. இடியப்பமும் சம்பலும் இடைவேளையோடு தீர்ந்துவிடுகின்றன. பார்ப்பதற்கெனக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. அரையிறுதி நாட்களில் கதிரையில் இருப்பவர்கள் எதையாவது வாங்கிச் சாப்பிடுமாறு கேட்கிறார்கள். சந்தாவுக்கும் மின்சாரத்துக்கும் அவர்கள் செலவழிப்பதை எண்ணினால் அது மிகவும் நியாயமான கோரிக்கை.

இறுதிப் போட்டி பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அது கடையைப் பற்றியது அன்று. 2018 வரை இறுதியும் இரண்டு ஆட்டங்களாகவே நடைபெற்றது. 2013 இல் பிரேசிலின் அத்லெட்டிகோ மினெய்ரோ அரையிறுதியிலும் இறுதியிலும் முதல் ஆட்டத்தை 0-2 எனத் தோற்று, இரண்டாம் ஆட்டத்தை 2-0 என வென்று, இரு தடவையும் சமநிலை தவிர்ப்பு உதைகளில் வெற்றி பெற்றுக் கிண்ணத்தைத் தூக்கியது. அப்படியொரு முடிவுக்கு இப்போது இடமில்லை. 2018 இல் புவனோஸ் அயர்ஸ் கழகங்களான ரிவர் பிளேட், பொக்கா ஜூனியர்ஸ் ஆகியவற்றின் இறுதியில் இரண்டாம் ஆட்டம், பொக்கா வீரர்களின் பேருந்து தாக்கப்பட்டதையடுத்து மட்ரிட் நகரத்துக்கு மாற்றப்பட்டது. ஒற்றை இறுதிக்கான முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தாலும், அந்தச் சம்பவத்தைக் காட்டி இன்றும் அதை நியாயப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். சொந்த ஊர் மக்களின் முன் கிண்ணத்துக்காக ஆடும் உரிமையைக் கழகங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

2025ஆம் ஆண்டு இறுதி லிமா நகரில் நவம்பர் 29ஆம் திகதி நடைபெற்றது. டித்வா புயலும் வெள்ளமும் நாட்டைத் தாக்கிய நாட்கள் அவை. கடையில் ஆட்டம் எதுவும் காட்டப்படவில்லை. எவரும் அதைக் கேட்கவும் இல்லை. நிலைமை சீரான பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்த இறுதி முழுமையாகத் திரையிடப்பட்டது. முடிவு எல்லோருக்கும் தெரிந்திருந்தும் கதிரைகள் நிறைந்தன. 67ஆவது நிமிடத்தில் டனிலோ தலையால் முட்டிய கோலோடு பிளமெங்கோ 1-0 என வென்று, நான்கு தடவைகள் இக்கிண்ணத்தைப் பெற்ற முதல் பிரேசில் கழகமானது. பதிவு செய்யப்பட்ட ஆட்டத்தைக் காட்டுவதற்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கரும்பலகையில் எழுதி அறிவித்த கடையின் ஒழுங்கை இங்கே குறிப்பிட வேண்டும்.

புதிதாகச் செல்ல விரும்புபவர்கள் ஓகஸ்டில் 16 அணிகள் சுற்றின் முதல் ஆட்டங்களிலிருந்தே தொடங்குவது நல்லது. ஆறு மணி ஆட்டத்துக்கு ஐந்தரைக்கே சென்றால் வலப்பக்க வாங்கில் இடம் கிடைக்கும். வெயில் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. மோட்டார் சைக்கிள்களை வீதியோரத்தில் விடாமல் கடையின் பின்புற வளவில் நிறுத்துங்கள். மூன்றரை மணி ஆட்டங்களை எல்லா நாட்களிலும் காட்டுவதில்லை என்பதால், முதல் நாள் மாலையில் கரும்பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.