பழைய கோலிக்குண்டுகளுக்கு ஏற்ற 365 நானோமீட்டர் டார்ச்

பழைய கண்ணாடிக் கோலிக்குண்டு சேர்ப்பவர்கள் புற ஊதா டார்ச் வாங்குவதாக இருந்தால் 365 நானோமீட்டர் அலைநீள வகையையே வாங்குங்கள்; முகப்பில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி இருப்பது அவசியம். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சும் என்னிடம் இருக்கிறது. அதன் ஊதா வெளிச்சத்திலேயே மங்கலான ஒளிர்வுகள் அமுங்கிப்போகின்றன.

இருட்டறையில் புதிய டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பகலில் வெளிர்மஞ்சளாகச் சாதுவாகத் தெரியும் யுரேனியக் கண்ணாடிக் குண்டு, ஒளி பட்டதும் உள்ளிருந்தே பச்சையாகப் பற்றி எரிகிறது. மாங்கனீஸ் கலந்த குண்டும் பச்சையாகத்தான் ஒளிரும், ஆனால் சோகையாக. இந்த வித்தியாசத்தைக் காட்டுவதற்கே கொடுத்த பணம் தகும். காட்மியம் சேர்ந்த மஞ்சள், ஆரஞ்சுக் குண்டுகளில் சில தணலாகச் சிவக்கின்றன.

நியோடிமியம் கலந்த குண்டுக்கு இந்த டார்ச்சே தேவையில்லை. வெயிலில் இளஊதா, குழல்விளக்கின் கீழ் வெளிர்நீலம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

வயதை மட்டும் டார்ச் சொல்லாது. யுரேனியக் குண்டுகளை இன்றும் செய்கிறார்கள். வயதை அறிய உருப்பெருக்கிதான் வேண்டும். ஜெர்மனியின் லவுஷாவில் 19ஆம் நூற்றாண்டில் கையால் செய்த குண்டுகளில், கண்ணாடித் தண்டிலிருந்து வெட்டிய இடத்தில் தழும்பு இருக்கும். சொரசொரப்பை விரல்நுனியே கண்டுபிடித்துவிடும். மேற்கு வர்ஜீனியாவின் அக்ரோ அகேட் ஆலையில் இயந்திரம் உருட்டிய குண்டுகளில் அது இருக்காது. "ஒளிர்கிறது, ஆகவே பழங்கால ஜெர்மன் கைவேலை" என்று விலையை ஏற்றுபவரிடம் தழும்பைக் காட்டச் சொல்லுங்கள்.

டார்ச் சீக்கிரம் சூடேறுகிறது என்பது ஒரு குறை. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் இதைப் பயன்படுத்தாதீர்கள்.