வீணை தெரியாத வீட்டுக்கு விற்கப்படும் வீணை

தஞ்சாவூரில் வீணை வாங்கப் போகிறவர்கள், அதிலும் வீட்டில் யாருக்கும் வீணை வாசிக்கத் தெரியாதவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு ஏகாந்த வீணை என்று சொல்லி ஒட்டு வீணையை விற்றார்கள். அதோடு முடிந்திருந்தால் பணம் போனது போகட்டும் என்று விட்டிருப்பேன். தந்தியை அழுத்தி வாசிக்கிற மெட்டுகள் சுருதியில் நிற்காத வீணை அது. அதில் பழகிய என் மகளின் காதே கெடத் தொடங்கியது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் செய்வது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து மரம் வரும். உருண்டையான குடம், நீளமான தண்டி, அதன் நுனியில் இருக்கும் யாளி முகம் வரை எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்து எடுத்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாந்தத்துக்குப் பெரிய மரம் வேண்டும், வேலையும் அதிகம், அதனால் விலையும் அதிகம். ஒட்டு வீணை மட்டமானது என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த மரத்தில் கவனமாகச் செய்த ஒட்டு வீணையை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் அருமையாக வாசிக்கிறார்கள். ஒட்டு என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம்.

நாங்கள் மன்னார்குடி. மகள் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். பாட்டு டீச்சரிடம் வாய்ப்பாட்டு கற்று, அப்புறம் வீணைக்கு மாறினாள். வீணை வாங்கும் சமயத்தில் டீச்சர் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். "ஏகாந்தமாகப் பார்த்து வாங்குங்கள், வெகுநாள் உழைக்கும்" என்று போனில் சொன்னார். நானும் கணவரும் தஞ்சாவூரில் ஒரு கடைக்குப் போனோம். அது வீணை செய்கிற பட்டறை இல்லை, வாங்கி விற்கிற இடம். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு நடக்கிறது.

கடையில் எங்களை எப்படிப் பார்க்க வைத்தார்கள் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதலில் யாளியின் முகத்தைக் காட்டினார்கள். தங்க வண்ணம், சிவந்த நாக்கு, அத்தனை அழகு. அப்புறம் குடத்தின் மேல் பலகையில் இருந்த வேலைப்பாடு, விளிம்பில் ஓடும் வெள்ளைப் பட்டை. யானைத் தந்த வியாபாரம் தடை செய்யப்பட்ட பிறகு இந்தப் பட்டை எல்லாம் பிளாஸ்டிக்தான். அதில் குற்றம் இல்லை. வீணை முழுக்க அடர் பழுப்பில் பளபளவென்று பாலிஷ். 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டுச் சான்றிதழின் நகலைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதைக் காட்டி, "கவர்ன்மென்ட்டே சர்டிபிகேட் கொடுத்த வீணைம்மா" என்றார் கடைக்காரர். தஞ்சாவூர் வீணை என்ற பெயரைப் பாதுகாக்கத்தான் அந்தக் குறியீடு. அந்தக் கடையில் இருக்கும் ஒவ்வொரு வீணையும் ஒரே மரத்தில் செய்தது என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

பிறகு ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். வீணையில் மைக் பொருத்தி, ஸ்பீக்கரில் எதிரொலி கூட்டி, ஹம்சத்வனி ராகம் வாசித்தார். கடையே நிறைந்துபோனது. கேட்டால் யாருக்கும் கண் கலங்கும். நல்ல கை அவருடையது. நல்ல கைக்கு என்ன முடியும் என்பதை டீச்சர் பின்னால் விளக்கினார்: ஒரு மெட்டு சரியில்லை என்றால் அதற்கு முந்தைய மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து அந்தச் சுரத்தைப் பிடித்துவிடலாம். சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்தில் குறை தெரியாமல் போகும். ஆரம்பப் பாடமான சரளி வரிசை வாசிக்கும் பிள்ளை அப்படிச் செய்ய முடியாது. மெட்டு என்ன சுரம் கொடுக்கிறதோ அதுதான் அவளுக்குச் சுரம். ஆக, வித்வான் வாசித்துக் காட்டினால் நமக்குத் தெரிவது அவருடைய வித்தை. வீணையின் தரம் அதில் தெரியாது.

52,000 ரூபாய் கொடுத்தோம். ஒட்டு வீணைக்கு அதே கடையில் சொன்ன விலை இதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

டீச்சர் ஊருக்குத் திரும்பும்வரை பாடம் வீடியோவில் நடந்தது. போனில் வீணைச் சத்தம் எந்த அளவுக்குக் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லாரும் வீணையைத் தொட்டுப் பார்த்து, "அம்சமா இருக்கு" என்றார்கள். மகள் தினமும் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி, ஜண்டை என்று ஆரம்ப வரிசைகளை வாசித்தாள். டீச்சர் வந்த பிறகு நேரில் நடந்த முதல் வகுப்பில் அவளை வீணை இல்லாமல், சுருதிப் பெட்டி வைத்துப் பாடச் சொன்னார். இரண்டு வரி பாடியதும் நிறுத்தினார். மறுபடி பாடச் சொன்னார். அவளுடைய காந்தாரம், அதாவது ‘க’ சுரம், மேலே ஏறி நின்றது. முன்பு சுத்தமாகப் பாடிய பிள்ளை. "ஏம்மா, இவ இப்படிப் பாட மாட்டாளே?" என்றவர் வீணையை மடியில் வாங்கினார். நாலாவது மெட்டில் அந்தர காந்தாரம் அதே அளவு ஏறி இருந்தது. பன்னிரண்டாவது மெட்டில் மேல் ஷட்ஜம், அதாவது மேல் ‘ஸ’, சேரவே இல்லை. வீணை கொடுத்த தப்பான சுரத்தை அவள் தொண்டை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நல்லது கெட்டது பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு மட்டமான பொருளை விற்கிறார்கள் என்பது பழைய செய்தி. இங்கே நடப்பது அதைவிடக் கொடுமை. மட்டமான வீணையில் கற்கிற பிள்ளைக்கு எது சரியான சுரம் என்று தெரியாமலே போய்விடும். நாளைக்கு அவள் வளர்ந்து, இன்னொரு பிள்ளைக்கு வீணை வாங்க அதே கடைக்குப் போனாலும் அவளுக்கும் தெரியாது. தேர்ந்தவர் கையில் மோசமான வீணை கிடைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆரம்பப் பிள்ளைக்குத்தான் நல்ல வீணை அவசியம் வேண்டும். ஊரில் நடப்பதோ தலைகீழ். "முதலில் சும்மா ஒன்று வாங்கிக் கொடு, தேறினால் பார்க்கலாம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

சித்திரை வெயிலில் குடமும் தண்டியும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு விழுந்தது. டீச்சருக்குத் தெரிந்த, தலைமுறையாக வீணை செய்கிற ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் அந்த இடத்தில் இருந்த பிளாஸ்டிக் பட்டையை நெம்பி எடுத்தார். அடியில் இணைப்பு. இடைவெளியை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் பூசியிருந்தார்கள். "ஒட்டுதான்மா. ஒட்டுன்னாலும் மரம் காயவே இல்லை, பச்சையிலே வேலை செஞ்சிருக்காங்க" என்றார். மரம் காயக் காயத் தண்டி வளைந்திருக்கிறது. தந்தி மெட்டிலிருந்து உயரத்தில் நிற்கிறது. விரலால் அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டுச் சுரம் ஏறிவிடுகிறது. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகில்தான் 24 மெட்டுகளும் உட்கார்ந்திருக்கும். சூட்டில் அந்த மெழுகு இளகக்கூடியது என்பதால் எந்த வீணைக்கும் சில காலத்துக்கு ஒருமுறை மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மறுபடி பதிக்க வேண்டும். அது சாதாரணம். ஆனால் தண்டி வளைந்தால் மேளம் கட்டியும் நிற்காது. அவர் முடிந்தவரை சரிசெய்து கொடுத்தார். உழைத்த கூலிக்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை. தஞ்சாவூர் வீணைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று இந்தப் பதிவை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்படிப்பட்ட கைகளின் பெயரைத்தான் அந்தக் கடை விற்றுக்கொண்டிருக்கிறது.

கடைக்குப் போனோம். முதலில், "வெயில்ல வச்சிருப்பீங்க" என்றார் கடைக்காரர். பட்டையைக் கழற்றி எடுத்த படத்தைக் காட்டியதும், "பில்லைப் பாருங்கம்மா, வீணைன்னுதான் போட்டிருக்கோம், ஏகாந்தம்னு எங்க எழுதியிருக்கு?" என்றார். உண்மைதான், பில்லில் ‘வீணை - 1’ என்று மட்டும் இருந்தது. மெட்டு சுருதியைப் பற்றிக் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "புதுசா கத்துக்கிற பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?"

எனவே, வாங்கப் போகிறவர்களுக்கு. வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூட வரும்வரை வாங்காதீர்கள். பண்டிகைத் தள்ளுபடி முடிந்தால் முடியட்டும். மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைக்கச் சொல்லுங்கள். ராகம் எதுவும் வேண்டாம், கமகம் இல்லாமல் ஒவ்வொரு மெட்டாக, சுருதிப் பெட்டியோடு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் தந்தியான சாரணியை ஷட்ஜத்தில் வைத்தால் ஏழாவது மெட்டில் பஞ்சமமும் (‘ப’) பன்னிரண்டில் மேல் ஷட்ஜமும் சுருதியோடு கலந்துவிட வேண்டும். காது போதவில்லை என்றால் போனில் டியூனர் செயலி இருக்கிறது, அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். குடத்தின் பக்கம் கண்ணை வைத்துத் தண்டியின் நீளத்துக்குப் பார்த்தால் வளைவு தெரியும். தந்தியை முறுக்குகிற பிரடையைத் திருகிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள், வழுக்கிக் கொண்டே இருந்தால் வேண்டாம். வீணையைக் கவிழ்த்து, மர ரேகை குடத்திலிருந்து தண்டிக்குத் தொடர்ச்சியாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஏகாந்த வீணையிலும் அழகுக்காகப் பட்டை இருக்கும், ஆகவே பட்டையை வைத்து முடிவு செய்ய முடியாது; ரேகைதான் சாட்சி. பலா மரம் இயல்பில் மஞ்சள் கலந்த நிறம், நாளாக ஆகப் பழுப்பாகும். ரேகையே தெரியாத அளவுக்கு அடர்ந்த பாலிஷ் போட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள். முடிந்தால் பட்டறைக்கே போய், பாலிஷ் போடுவதற்கு முன் மரத்தைப் பார்த்துச் சொல்லி வையுங்கள். பில்லில் ‘ஒரே மரத்தில் செய்த ஏகாந்த வீணை, பலா’ என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் திருவாரூரில் கொடுத்திருக்கிறோம். கடைக்காரர் ஏகாந்தம் என்று சொல்லி அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு கணவரின் போனில் அழியாமல் இருந்தது. பில்லில் இல்லாத வார்த்தைக்கு இப்போது அதுதான் ஆதாரம். உங்களிடமும் அப்படி எதாவது இருந்தால் அழிக்காதீர்கள். பழுது பார்க்கும்போது பட்டை கழற்றுவதையும் படம் எடுத்து வையுங்கள், ஆசாரியிடம் அவர் கண்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மகள் இப்போது டீச்சரின் பழைய ஒட்டு வீணையில் பழகுகிறாள். மறுபடி முதலிலிருந்து, முதல் அரை மணி நேரம் சுருதிப் பெட்டியோடு பாட்டு, அப்புறம்தான் வீணை. காந்தாரம் இறங்கி வந்துகொண்டிருக்கிறது, முழுவதும் இன்னும் வரவில்லை.