ஏர் லாக்கருக்கு நைலான் டியூபா, ஸ்டீல் பின்னல் ஹோஸா?

டிஃப் (டிஃபரென்ஷியல்) என்பது இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்பு; இரண்டும் சேர்ந்தே சுழலும்படி அதைக் காற்றழுத்தத்தால் பூட்டுவது ஏர் லாக்கர். அதை மாட்டுகிறவர்கள் லாக்கரையும் கம்ப்ரஸரையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள், ஆனால் காற்றைக் கொண்டுபோகும் குழாயை எங்கே ஓட்டுவது என்பதைக் கடைசி அரைமணி நேரத்தில்தான் யோசிப்பார்கள். அந்தக் குழாய் அறுந்தால் உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங் லாக்கைத் திறந்துவிடும். பாறை மேல் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது டிஃப் சாதாரண டிஃப்பாகிவிட்டால், கொட்டிய பணத்துக்குப் பலனே இல்லை.

ஏஆர்பி கம்பெனியின் லாக்கரோடு வழக்கமாக வருவது 5 அல்லது 6 மி.மீ. நைலான் டியூப். கூடுதல் காசு கொடுத்தால், உள்ளே டெஃப்லானும் வெளியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னலும் உள்ள ஹோஸ் கிடைக்கும். இரண்டுமே லாக்கர் கேட்கிற சுமார் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைச் சுலபமாகத் தாங்கும், அதனால் அழுத்தத்தை வைத்து எது மேல் என்று பேசிப் பயனில்லை. வெப்பம், உரசல், வழியில் ரிப்பேர் செய்ய முடிவது, இந்த மூன்றில்தான் வித்தியாசம் தெரியும்.

வெப்பத்தில் நைலான் நிற்காது. டெஃப்லான் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். நைலான் அதற்கு வெகு முன்பே இளகி, உள்ளே இருக்கும் காற்றே அதை ஊதிப் பிளந்துவிடும். புது டீசல் வண்டிகளில் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குப் போகும், அந்த நேரத்தில் பக்கத்தில் ஓடும் நைலானுக்கு வெப்பம் தடுக்கும் ஒரு ஸ்லீவ் மாட்டிவிட்டேன், போதும் என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் பாலைவனத் தடங்களில் ஸ்பினிஃபெக்ஸ் புல் வண்டிக்கடியில் அடைந்து, சைலன்சர் சூட்டில் தீப்பிடித்து வண்டியே எரிந்துபோவதுண்டு. அந்த மாதிரி ஊரில் ஓட்டுகிறவர் குழாயை சைலன்சருக்கு எதிர்ப்பக்கச் சேஸிஸ் மேலேயே கொண்டுபோக வேண்டும், எந்தக் குழாயாக இருந்தாலும் சரி.

உரசலில் பின்னல் ஹோஸ் ஜெயிக்கிறது, ஆனால் பலர் கவனிக்காத ஒரு ஆபத்து அதில் இருக்கிறது. அந்தப் பின்னல் ஒரு அரம். தான் தேயாது, தன்னோடு உரசுகிற பிரேக் ஹோஸையும் வயரையும் தேய்த்துவிடும். பின்னல் ஹோஸை பிரேக் ஹோஸோடு சேர்த்துக் கேபிள் டை போட்டுக் கட்டியிருந்தால் இன்றைக்கே வெட்டிப் பிரியுங்கள். லாக்கர் போனால் வண்டி மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பிரேக் போனால் கதையே வேறு.

ரிப்பேரில் நைலானை அடிக்க ஆள் இல்லை. அடிபட்ட இடத்தைப் பிளேடால் நேராக வெட்டி, ஒரு ஜாயின்டரைச் சொருகினால் வண்டி கிளம்பிவிடும். அரை மீட்டர் டியூபும் இரண்டு ஜாயின்டரும் டேஷ்போர்டு டப்பாவிலேயே கிடக்கும். பின்னல் ஹோஸ் கிழிந்தால், அதே நீளத்தில் இன்னொன்று கையில் இல்லாதவரைக்கும் காட்டில் செய்ய ஒன்றுமில்லை.

அதனால் என் தேர்வு இரண்டும் கலந்தது: கம்ப்ரஸரிலிருந்து சேஸிஸ் வழியாக ஓடுவது நைலான், சேஸிஸிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் கடைசித் துண்டு மட்டும் பின்னல் ஹோஸ், இரண்டும் சேருகிற அடாப்டர் கை எட்டும் இடத்தில் சேஸிஸிலேயே. கூடுதலாக ஒரு ஜாயின்ட் வருகிறதே, அதுவும் கசியலாமே என்று கேட்பார்கள். கசியலாம், ஆனால் படுத்துக்கொண்டே ஸ்பானர் போடக்கூடிய இடத்தில் கசிந்தால் பரவாயில்லை.

அந்தக் கடைசித் துண்டை எந்த வழியாக இறக்குவது என்பதுதான் குழாயின் வகையைவிடப் பெரிய கேள்வி. பலரும் பிரேக் ஹோஸ் இறங்கும் இடத்திலேயே இறக்குகிறார்கள். ஆக்சில் எவ்வளவு தொங்கும் என்று கணக்குப் போட்டுக் கம்பெனி தேர்ந்த இடம் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது, பின்பக்கம் லீஃப் ஸ்ப்ரிங் உள்ள லேண்ட் க்ரூஸர் 79 மாதிரி வண்டிக்கு நானும் அதையே சொல்வேன், தனித்தனிக் கிளிப் போட்டு, நடுவில் இடைவெளி விட்டு. ஆனால் நிசான் பேட்ரோல் ஜியூ வேகன் போல முன்னும் பின்னும் காயில் ஸ்ப்ரிங் உள்ள வண்டியில் இதைவிட நல்ல வழி இருக்கிறது. ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் கைகளோடு குழாயைக் கொண்டுபோவதுதான் அது: முன்னே ரேடியஸ் ஆர்மின் மேல் முகம், பின்னே மேல்பக்க லிங்க். அந்த ஆர்மின் சேஸிஸ் பக்க புஷ் (ரப்பர் மூட்டு) கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்புகிறது, ஆகவே குழாய் அங்கே லேசாக வளைவதோடு சரி, மேலும் கீழும் இழுபடாது, தொங்கலாக வளையம் விடவும் தேவையில்லை. அந்த வளையத்தில்தான் குச்சி மாட்டும். ஆர்மின் அடிப்பக்கம் மட்டும் கட்டாதீர்கள், பாறை முதலில் தொடுவது அதைத்தான்.

எந்த வழியானாலும் சேஸிஸை ஸ்டாண்டில் தூக்கி, ஆக்சிலை முழுசாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்த பிறகுதான் நீளத்தை வெட்ட வேண்டும். தரையில் நிற்கும் வண்டியில் அளந்த நீளம் பொய் சொல்லும். குழாய்க்கு மேல் நெளி கான்ட்யூட் (பிளாஸ்டிக் உறை) போடுவது நல்லதுதான், ஆனால் பிளந்த வகையில் சேறும் மணலும் புகுந்து உள்ளேயே உரசும், தண்ணீர் கடந்து வந்தபின் அதைக் கழுவ வேண்டும்.

ஓடுகிற வண்டியில் லாக்கை ஆன் செய்துவிட்டு கம்ப்ரஸர் அடிக்கடி தானாக ஓடுகிறது என்றால் எங்கோ கசிவு. ஃபிட்டிங் ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். சோலனாய்டின் (காற்றைத் திறந்து மூடும் மின் வால்வின்) வெளியேற்றும் துளையில் கியர் ஆயில் தெரிந்தால் வெளிக் குழாயைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது டிஃப்புக்குள் இருக்கும் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போன அடையாளம், டிஃப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் காப்பர் குழாய் கிரவுன் வீலை (டிஃப்பின் பெரிய பல்சக்கரத்தை) தொடாமல் ஒதுங்கி வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.