லோயர் பரேல் பீனிக்ஸ் பல்லேடியம்: மால் அருமை, போகிற வழிதான் பாடு

மும்பை வருகிறவர்கள் எந்த மாலுக்குப் போகலாம் என்று கேட்டால் லோயர் பரேல் பீனிக்ஸ் பல்லேடியத்தைத்தான் சொல்வேன். வெளிநாட்டு பிராண்டுகள், தியேட்டர், விதவிதமான சாப்பாடு எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி எகிறும். எனக்கு ரொம்பப் பிடித்தது அங்கே நிற்கிற புகைபோக்கி. 1905-இல் தொடங்கிய பீனிக்ஸ் துணி மில்லின் மிச்சம் அது, இடிக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள். கடைப் பைகளோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால்தான் அதன் உயரம் தெரியும்.

ஆனால் இந்த மால் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. இந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் மில்கள்தான். 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், அதற்கப்புறம் பல மில்கள் தலையெடுக்கவே இல்லை. மில் நிலத்தை விற்றால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்கா மைதானம் மாதிரி பொதுத் தேவைக்கு, இன்னொரு பங்கு அரசு வீட்டு வசதி வாரியத்துக்கு, மீதிதான் உரிமையாளருக்கு என்று 1991-இல் விதி வந்தது. நல்ல விதி! 2001-இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்தை மட்டும் பங்கு போட்டால் போதும் என்றார்கள். மில் என்றாலே மனையில் பாதிக்கு மேல் ஷெட் நிற்கும், அப்புறம் ஊருக்கு என்ன மிஞ்சும்? 2006-இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. கோபுரம் கோபுரமாக அலுவலகங்கள் எழுந்தன, அங்கே வேலைக்கு வருகிற கூட்டத்துக்குப் பழைய ரயில் நிலையங்களும் குறுகின படிக்கட்டுகளுமே கதி என்று ஆனது. 2017 செப்டம்பர் 29 காலையில், அடுத்த நிலையமான எல்ஃபின்ஸ்டன் ரோட்டில் (இப்போது பிரபாதேவி) நடைமேம்பால நெரிசலில் 23 பேர் செத்துப்போனார்கள். என்னால் அதை மறக்க முடியவில்லை. சென்னையில் பெரம்பூர் பின்னி மில் நிலத்திலும் அடுக்குமாடிகள் வந்துகொண்டிருக்கின்றன, அங்கே வீடு பார்க்கிறவர்கள் நீச்சல் குளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் சாலை எத்தனை அடி, பொதுப் பூங்கா எங்கே என்று கேளுங்கள்.

சரி, பீனிக்ஸ் போவதென்றால் வார நாளில் மதியத்துக்கு மேல் போய் ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள். அலுவலகம் விடுகிற நேரத்தில் குழந்தைகளோடு லோயர் பரேல் நிலையத்தில் ஏற வேண்டாம். மத்திய ரயில் பாதையில் வருகிறவர்களுக்கு கரி ரோடு நிலையம்தான் பக்கம்.