காத்திருப்பதா, கேட்டுவிடுவதா?

குடிநோய் சிகிச்சைக்கு வரும் ஆண்களிடம் பாலுறவைப் பற்றி அவர்களாகச் சொல்லும்வரை பணியாளர்கள் காத்திருப்பது ஒரு முறை. தூக்கம், பசி பற்றி விசாரிக்கும்போதே இதையும் கேட்டுவிடுவது மற்றொன்று.

முதல் முறைக்கு நியாயம் உண்டு. பாம்பன், தங்கச்சிமடம் போன்ற மீனவ ஊர்களில் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவரே பக்கத்துக் கட்டிலிலும் படுத்திருக்கலாம் என்பதால், எடுத்த எடுப்பில் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் காத்திருப்பு பெரும்பாலும் மௌனத்தில்தான் முடிகிறது. நெடுநாள் குடி டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைக் குறைத்து, நரம்புகளையும் பாதித்து, விறைப்புக் குறைபாட்டை உண்டாக்கக்கூடும். இதை அறியாதவர், குடியை நிறுத்தியதால்தான் இப்படி ஆயிற்று என்று எண்ணி மீண்டும் பாட்டிலைத் தேடக்கூடும். குடியோடு வரும், மனைவி மீதான காரணமற்ற சந்தேகத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டாலோ, அடி வாங்குவது மனைவி.

இரண்டாவது முறையில் கேள்விக்கு முன், இதைப் பேசலாம் என்ற அனுமதி வேண்டும். பாலியல் சிக்கல்களைக் கையாள 1976-இல் உளவியலாளர் ஜாக் அன்னான் வகுத்த நான்கு படிகளில் முதலாவது அதுவே. கதவைச் சாத்திவிட்டு, "அண்ணே, குடியால பலருக்கு உடலுறவுல சிக்கல் வரும், உங்களுக்கு ஏதும் இருக்கா? இப்ப சொல்லாட்டியும் பரவாயில்ல" என்றால் போதும். "உங்க வீட்டுக்காரம்மா" என்று தொடங்கினால், ஆணை விரும்பும் ஆண் அங்கேயே பொய் சொல்லத் தொடங்குவார்.

என் சாய்வு இரண்டாவதன் பக்கமே. ஆனால் கைநடுக்கம் அடங்காத முதல் நாளில் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், அவசரமின்றிப் பேச இடமிருக்கிறது.