ஜெர்மனியின் இரண்டு சாசனங்கள்: 1919, 1949

ஜெர்மனியின் 1919-ஆம் ஆண்டு அரசமைப்பான வைமார் சாசனத்தில் உரிமைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் 48-வது பிரிவு, நெருக்கடி என்று சொல்லி அவற்றை நிறுத்திவைக்கக் குடியரசுத் தலைவரை அனுமதித்தது. 1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே ஹிட்லர் அரசு கொண்டுவந்த ஒரே ஆணையில் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, கடிதங்களின் ரகசியம் எல்லாம் போயின. சாசனத்தில் இருந்த பிரிவை வைத்தே இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் பதறுகிறது.

1949-இன் அடிப்படைச் சட்டம் அந்த ஓட்டையை அடைக்கவே எழுதப்பட்டதுபோல இருக்கும். மனித மாண்பு, ஜனநாயகம் ஆகிய அடிப்படைகளை எவ்வளவு பெரும்பான்மை இருந்தாலும் திருத்த முடியாது என்கிறது 79-வது பிரிவு. மீறும் சட்டத்தை அரசமைப்பு நீதிமன்றம் ரத்து செய்யலாம். சரி, பெரும்பான்மையின் கையைக் கட்டலாமா? இந்த அளவுக்குக் கட்டத்தான் வேண்டும் என்பேன்.